பிழையில்லை, படமுமில்லை



இரண்டு படங்கள் போட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே இடம்தான். காத்தான்குடி ஆற்றங்கரையில் நின்று, வாவிக்கு அப்பால் படுவான்கரையைப் பார்த்து எடுத்தவை. முதலாவது ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு எடுத்தது. அதை அப்போதே இங்கே போட்டிருந்தேன், உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இரண்டாவது ஓகஸ்ட் போயா அன்று சுபஹ் தொழுதுவிட்டுப் போய் எடுத்தது. இடையில் மொத்தம் ஆறு தடவை அந்தக் கரைக்குப் போய் வந்திருக்கிறேன். வீட்டில் "வாப்பாவுக்கு ஆத்தங்கரையில என்ன வேலை?" என்று பிள்ளைகள் கேட்கும் அளவுக்கு.

நான் போட்டோ பிடிப்பவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மருமகன் கட்டாரிலிருந்து வரும்போது தான் பாவித்த கெனன் 700டி கமெராவை, அதோடு வந்த 18-55 லென்ஸோடு, எனக்குத் தந்துவிட்டுப் போனான். ட்ரைபொட் ஒன்று இரவல். எழுத வந்தது கமெராவைப் பற்றி மட்டும் இல்லை. ஆனால் கமெராவைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

முதல் படத்துக்கு 214 லைக் வந்தது. கொமென்ட் அறுபதுக்கு மேல். "மாஷா அல்லாஹ்", "சூப்பர் சேர்", "வேற லெவல்", "நம்ம ஊரா இது?", நிறைய இதயங்கள். நான் சந்தோசப்பட்டேன், பொய் சொல்லத் தேவையில்லை. அன்று இரவு படுக்கும் வரை போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

அடுத்த நாள் இன்பொக்ஸில் ஒரு செய்தி. என்னிடம் படித்த தம்பி ஒருவர், இப்போது வேறு ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். "சேர், கோவிக்காதீங்க. ஒண்டு சொல்லட்டா?" என்று தொடங்கி, ஒன்றல்ல, நாலு சொன்னார். படம் சரிந்து கிடக்கிறது, வாவித் தண்ணி முழுக்க வலப்பக்கத்தால் ஊற்றுண்டு போகிற மாதிரி இருக்கிறது. இடப்பக்க மூலையில் இருக்கும் ரோட் லைட் வெள்ளை வெடிப்பாகிவிட்டது, கண் நேரே அங்கேதான் போகிறது. தோணி இரண்டு தோணியாகத் தெரிகிறது. நாலாவது ஒரு கேள்வி: "எங்க பாக்கச் சொல்றீங்க சேர்?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. இரண்டு நாள் பதில் போடவில்லை. இருபது வருடமாக மற்றவர்களுடைய கொப்பியில் சிவப்புப் பேனையால் கோடு போடுகிற ஆளுக்கு, தன்னுடைய கொப்பியில் ஒரு கோடு விழுந்ததும் வந்த கோபத்தைப் பாருங்கள். 'இவன் ஒன்பதாம் வகுப்பில் பின்வாங்கில் இருந்தவன்தானே' என்றுகூட மனசு சொன்னது. அது எவ்வளவு கேவலமான எண்ணம் என்று இப்போது எழுதும்போது விளங்குகிறது.

மூன்றாம் நாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் சொன்ன நாலும் அப்படியே இருந்தன. அறுபது பேர் பார்த்த படம். அறுபது பேருக்கும் கண் இருக்கிறது. சரிந்த தண்ணி அவர்களுக்கும் தெரிந்துதானே இருக்கும்?

தோணி ஏன் இரண்டாகத் தெரிந்தது என்று யோசித்தேன். இருட்டில் வெளிச்சம் போதாது, அதனால் கமெராவின் கண்ணை 30 செக்கன் திறந்து வைத்திருந்தேன். அந்த 30 செக்கனும் கட்டியிருந்த தோணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஆடிய இடமெல்லாம் படத்தில் பதிந்துவிட்டது. வெள்ளிகளும் அப்படித்தான், புள்ளியாக இல்லாமல் சின்னக் கோடுகளாக இருந்தன. பூமி மணித்தியாலத்துக்கு 15 பாகை சுழல்கிறது என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். அப்படியென்றால் 30 செக்கனில் ஒரு பாகையின் எட்டில் ஒரு பங்கு. அது என் படத்திலேயே கோடாக விழும் என்று எனக்குத் தோன்றவில்லை! படம் பிடிப்பவர்களிடம் இதற்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. 500ஐ லென்ஸின் மில்லிமீற்றரால் வகுக்க வேண்டும், சின்ன சென்சர் கமெராவென்றால் அதற்குரிய பெருக்கத்தையும் சேர்த்து. என் கமெராவுக்கு அது 1.6. 18 மி.மீ. லென்ஸுக்கு 17 செக்கன் என்று வரும். அதற்கு மேல் திறந்து வைத்தால் வெள்ளி இழுபடும்.

அடுத்த கிழமை திரும்பப் போனேன். இந்த முறை கமெராவை மட்டம் பார்த்து நேராக்கினேன். நாற்பது அடி தள்ளிப்போய், ரோட் லைட் ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும்படி நின்றேன். 15 செக்கன். விரல் பட்டு ஆடாமல் இருக்க இரண்டு செக்கன் டைமர். தோணியைப் படத்திலிருந்தே எடுத்துவிட்டேன். வந்து தம்பிக்கு அனுப்பினேன், 'இப்ப என்ன சொல்லப் போறாய்?' என்ற தோரணையில்தான்.

பதில் ஒரே வரி: "சேர், இப்ப பிழை இல்ல. ஆனா படமும் இல்ல."

இந்த வரியை நான் மறக்க மாட்டேன். ஏனென்றால் நாம் பள்ளிக்கூடத்தில் செய்வது பெரும்பாலும் இதைத்தான். எழுத்துப்பிழை திருத்துகிறோம், ஒற்றுப்பிழை திருத்துகிறோம், பந்தி பிரிக்கச் சொல்கிறோம். கடைசியில் பிழையில்லாத ஒரு கட்டுரை வருகிறது. அதில் பிள்ளை இல்லை.

மூன்றாம் தடவை பிறை 27 அளவில் போனேன். நிலவு இல்லாத இரவு, வெள்ளி நன்றாக விழும் என்று ஒரு எண்ணம். வெள்ளி விழுந்தது, ஆனால் ஒவ்வொன்றும் பருத்த பஞ்சு உருண்டையாக. போக்கஸ் சரியில்லை. லென்ஸ் வளையத்தைக் கடைசி வரைக்கும் திருகினால் தூரத்துக்குப் போக்கஸ் ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். அது பிழை. திரையில் படத்தைப் பத்து மடங்கு பெருப்பித்து, படுவான்கரையில் தெரியும் ஒரு லைட்டைப் பார்த்து, அது மிகச் சின்னப் புள்ளியாகும் வரை வளையத்தை மெல்ல மெல்லத் திருக வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு இரவு போனது.

அந்த இரவில்தான் ரோந்து வந்த இருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்கள். இருட்டில் தனியாக ஒரு ஆள், மூன்று கால் ஒன்று, கமெரா. விசாரிப்பது அவர்கள் வேலை. நம் ஊரில் அந்த விசாரணை நெஞ்சுக்குள் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், அதை இங்கே விரிக்கவில்லை. அடையாள அட்டையைக் காட்டினேன், படிப்பிக்கிற ஆள் என்று சொன்னேன், திரையில் இருந்த படத்தையும் காட்டினேன். அவர்களில் இளையவர் நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "சேர், இதில எங்க தண்ணி?"

உண்மைதான். தண்ணி இல்லை! மேலே கறுப்பு வானம், கீழே கறுப்பு வாவி, நடுவில் லைட் நாலைந்து. அது எங்கும் எடுத்த படமாக இருக்கலாம். 56 கிலோமீற்றர் நீளமான வாவி ஒன்றின் கரையில் நின்று, அந்த வாவியையே காணாமல் ஆக்கியிருந்தேன். பயத்தோடு தொடங்கிய அந்தச் சந்திப்பு, மூவரும் திரையைப் பார்த்துச் சிரிப்பதில் முடிந்தது. அவர் போட்டோ படித்தவர் இல்லை. ஆனால் கேட்டது சரியான கேள்வி. தொழில் தெரிந்தவர்தான் குறை சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன், அந்த நினைப்பு அன்றோடு போனது. பார்க்கிறவனுக்கு என்ன தெரியவில்லை என்பதைப் பார்க்கிறவன்தான் சொல்ல முடியும்.

இதற்குப் பிறகு படத்தைப் போஸ்ட் போடுவதை நிறுத்தினேன். கடையில் ஒரு பிரதி அடித்து, சேர்ட் பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆற்றங்கரையில் தோணி வைத்திருக்கும் வயதான காக்கா ஒருவரிடம் முதலாவது படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன நேரம் சேர்?"

"ராவு பத்து மணி இருக்கும் காக்கா."

"பத்து மணிக்கு நல்ல தோணி இஞ்ச கட்டிக் கிடக்குமா? தொழிலுக்குப் போயிருக்கும். கட்டிக் கிடந்தா அது உடைஞ்ச தோணி."

நான் வாயடைத்துப் போனேன். அழகுக்காக வைத்த தோணி, தொழில் செய்கிறவர் கண்ணுக்கு வேலையில்லாத தோணி. பிறகு அவரே சொன்னார்: "பகல் முழுக்கக் கச்சான் அடிக்கி. ராவு கொஞ்சம் கொஞ்சமா அடங்கும். சுபஹோட வாங்க. காத்து படுத்துரும், தண்ணி கண்ணாடி மாதிரி இரிக்கும். நாங்களும் அப்பதான் திரும்பி வாற."

மூன்று கேள்விக்கும் ஒரே விடை அதற்குள் இருந்தது. காற்றில்லாவிட்டால் தண்ணி தெரியும், ஏனென்றால் வானம் அதில் விழும். திரும்பி வரும் தோணி, படத்தில் பார்ப்பதற்கு ஒரு இடத்தைத் தரும். விடியற்காலை நீலம், வானத்தையும் கரையையும் பிரித்துக் காட்டும். மஃரிபுக்குப் பின்னும் இதே நீலம் வரும். ஆனால் அது தொழுகை நேரத்தோடு மோதும், காற்றும் அடங்கியிருக்காது. சுபஹ் ஜமாஅத் முடிந்து நடந்து வந்தால் நேரம் கச்சிதம்.

ஜூலையில் பிறை 13 அன்று போனேன். காக்கா சொன்னபடி தண்ணி அசையவில்லை. ஆனால் வானம் நீலமாகும் நேரத்தில் நிலவு படுவான்கரை மரங்களுக்குள் இறங்கி முடிந்துவிட்டது. நிலவு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும், இதுவும் நானே படிப்பிக்கிற பாடம்தான். ஒரு நாள் தள்ளினால் சரி. அடுத்த நாள் போனேன், முழு மேகம். இனி ஒரு மாதம் பொறுக்க வேண்டும். பூரண நிலவன்று நிலவு மேற்கில் மறைவது சூரியன் கிழக்கில் உதிக்கும் நேரத்தை ஒட்டித்தான். நமக்கு அது போயா விடுமுறையும் கூட. நாடு முழுக்கப் படம் பிடிக்கிறவர்களுக்கு மாதம் ஒரு நாள் அரசாங்கமே லீவு தருகிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அந்த ஒரு மாதத்தில்தான் நான் இதை எழுத வேண்டும் என்று தோன்றிய விசயம் நினைவுக்கு வந்தது.

சில வருடங்களுக்கு முன் பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை. நன்றாக எழுதுவாள். தமிழ்மொழித் தினப் போட்டிக்குக் கட்டுரை எழுதினாள், பாடசாலை மட்டத்தில் முதலிடம். நானும் "மிக நன்று" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். காலைக்கூட்டத்தில் கைதட்டல். ஆனால் அந்தக் கட்டுரையில் முதல் ஒரு பக்கம்தான் அவளுடையது. தன் உம்மும்மா அரிசி இடிப்பதைப் பற்றி எழுதியிருந்தாள், உரல் சத்தம் கேட்கும் எழுத்து. மிச்ச இரண்டு பக்கமும் கட்டுரைப் புத்தகத்தில் மனனம் பண்ணிய வரிகள். 'இன்றைய நவீன உலகிலே' என்று தொடங்குமே, அந்தச் சாமான். அது எனக்குத் தெரியும். வாசித்த அன்றே தெரியும். சொல்லவில்லை. பிள்ளை சந்தோசமாக இருக்கிறாள், ஏன் கெடுப்பான் என்று நினைத்தேன். இன்னொரு உண்மை, சொல்லியிருந்தால் உட்கார்ந்து விளங்கப்படுத்த வேண்டும், இரண்டாம் தடவை வாசிக்க வேண்டும். அதற்கு எனக்கு நேரமில்லை, அல்லது மனமில்லை.

மேல் மட்டத்தில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. கேற்றடியில் நின்று கேட்டாள்: "சேர், என்ட கட்டுரையில என்ன பிழை?"

நான் சொன்ன பதில்: "பிழை ஒண்டுமில்ல மகள். நடுவர்மார் அப்பிடித்தான்."

அந்த ஒரு வசனத்தில் நான் இரண்டு அநியாயம் செய்தேன். முகம் தெரியாத நடுவர்கள் மீது பழி போட்டேன். அவளுக்குத் திருத்திக்கொள்ள இருந்த ஒரே வழியையும் அடைத்தேன். பிழை ஒன்றுமில்லாமல் தோற்றால் இனி என்ன செய்ய முடியும்? அடுத்த வருடம் அவள் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. நான் கேட்டபோது "விருப்பமில்ல சேர்" என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

ஸ்டூடியோத் தம்பி எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்யவில்லை. அவ்வளவுதான் விசயம்.

"மாஷா அல்லாஹ்" என்று எழுதுவதை நான் குறை சொல்லவில்லை. அது நல்ல மனசோடு வரும் சொல், கண்ணூறு படாமல் இருக்கச் சொல்லும் சொல். எனக்கும் சொல்லுங்கள். ஆனால் நாம் அதோடு நின்றுவிடுகிறோம். நின்றுவிட்டாலும் பரவாயில்லை. மிச்சத்தைத் தேத்தண்ணிக் கடையில் சொல்கிறோம். ஊரில் ஒரு கட்டடம் கட்டினால், ஒரு விழா நடத்தினால், ஒரு பிள்ளை கவிதை வாசித்தால், பேஸ்புக்கில் பூச்செண்டு, கடை வாங்கில் கிழி. குறை தெரியாத ஊர் இல்லை நம் ஊர். எல்லோருக்கும் எல்லாக் குறையும் தெரியும். யாருக்குத் தெரிந்தால் திருத்த முடியுமோ அவருக்கு மட்டும் தெரியாது.

இன்னொன்று. "கமெராவைக் கண்டுபிடித்தது ஒரு முஸ்லிம்" என்ற போஸ்ட் வருடத்துக்கு நாலு தடவை என் வட்ஸ்அப்புக்கு வருகிறது. இப்னுல் ஹைதமைத்தான் சொல்கிறார்கள். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மரணித்த அறிஞர், ஆயிரம் வருடத்துக்கு முந்தியவர். அவர் கமெரா கண்டுபிடிக்கவில்லை. சின்னத் துளையால் இருட்டு அறைக்குள் வெளிச்சம் போனால் பிம்பம் எப்படி விழுகிறது என்பதை, கிரகணத்தை வைத்து ஆராய்ந்து எழுதினார். அதுவே பெரிய காரியம். ஆனால் அவர் எழுதிய இன்னொரு நூலைப் பற்றி யாரும் போர்வேர்ட் பண்ணுவதில்லை. தொலமியின் நூல்களில் தனக்கு இருக்கும் சந்தேகங்களைத் தொகுத்து எழுதினார். உலகமே மதித்த ஒருவருடைய புத்தகத்தை எடுத்து, இந்த இடம் பொருந்தவில்லை, இந்த இடம் ஒன்றுக்கொன்று முரண் என்று எழுதியவர். அவரைப் பற்றிப் பெருமைப்படுகிற நாம், ஒரு தம்பி "சேர், படம் சரிஞ்சி இரிக்கி" என்றால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம்.

எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்தத் தம்பி கொமென்டில் எழுதியிருந்தால், 214 பேர் முன்னால் எழுதியிருந்தால், நான் அவரை புளொக் பண்ணியிருப்பேனோ தெரியாது. தனியாக வந்தார். கோவிக்காதீங்க என்று கேட்டார். நையாண்டி பண்ணவில்லை. "சேருக்கு வயசாகிட்டு, கை நடுங்குது போல" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுவும் குறைதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு நாளைக்கு நான் என்ன செய்வது? "ரோட் லைட்ட மரத்துக்குப் பின்னால விடுங்க" என்றால் நாற்பது அடி நடக்கலாம். சொல்லப்படும் குறை நடக்க ஒரு திசை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது வெறும் கல்.

எல்லாவற்றையும் திரும்ப எடுக்க முடியாது, அதுவும் உண்மை. அன்சல் அடம்ஸ் என்ற அமெரிக்கப் படப்பிடிப்பாளர் 1941இல் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சின்ன ஊருக்கு மேல் நிலவு எழும்புவதைக் கண்டு, காரை நிறுத்தி, ஒளிமானியைத் தேடி, கிடைக்காமல், நிலவின் பிரகாசத்தை மனக்கணக்காகப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகள் மேல் விழுந்திருந்த வெயில் போய்விட்டது. ஒரே ஒரு நெகட்டிவ்! ஆனால் அதையும் அவர் அப்படியே விடவில்லை. பல வருடங்களாகத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்தார், வானத்தை இன்னும் இன்னும் கறுப்பாக்கினார், சில வருடம் கழித்து அந்த நெகட்டிவையே மருந்தில் போட்டுக் கீழ்ப்பகுதியைப் பலப்படுத்தினார். திரும்ப எடுக்க முடியாத படத்துக்கே அந்தப் பாடு பட்டார். நமக்கென்ன? வாவி அதே இடத்தில் இருக்கிறது. போயா மாதா மாதம் வருகிறது. பிள்ளையின் கட்டுரை அடுத்த நாள் காலையும் கொப்பியில்தான் இருக்கும்.

இரண்டாம் தவணை தொடங்கியதும் என் ஒன்பதாம் வகுப்பில் ஒன்று செய்து பார்த்தேன். கட்டுரைக் கொப்பிகளைப் புள்ளி போடாமல் திருப்பிக் கொடுத்தேன். ஓரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு கேள்வி மட்டும். 'இந்தச் சந்தையில் என்ன மணந்தது?', 'உன் வாப்பா அப்போது என்ன சொன்னார்?', 'இந்தப் பந்தி உன்னுடையதா?' ஒரு கிழமைக்குள் திரும்ப எழுதி வரச் சொன்னேன். புள்ளி அதற்குத்தான் என்றேன்.

பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். 38 பேரில் பாதிக்கு மேல் அதே கட்டுரையை இன்னும் அழகான கையெழுத்தில் எழுதி வந்தார்கள். அவர்களில் பிழையில்லை, நாம் இத்தனை வருடம் அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். ஐந்து பேர் எழுதவே இல்லை. ஒரு வாப்பா வேலை விட்டு வந்து நேராக என்னைக் கேட்டார்: "சேர், கொப்பியில மார்க்ஸ் இல்லயே, மகன் பெயிலா?" அரை மணித்தியாலம் இருந்து விளங்கப்படுத்தினேன். முழுக்க நம்பினாரோ தெரியாது. ஆனால் பதினொரு பேர் உண்மையிலேயே திரும்பப் போய் எழுதியிருந்தார்கள். அதில் ஒரு பையன், சந்தையைப் பற்றி எழுதியவன், முதல் கட்டுரையில் 'மக்கள் கூட்டம் அலைமோதியது' என்று விட்டிருந்த இடத்தில், மீன்காரர் ஐஸ் தண்ணியை ரோட்டில் ஊற்றும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் செருப்பைத் தூக்குவதை எழுதியிருந்தான். நான் அந்தச் சந்தைக்கு எத்தனை தடவை போயிருப்பேன்! ஒரு தடவையும் கவனிக்கவில்லை.

நேரம் இல்லை என்று ஆசிரியர் நண்பர்கள் சொல்வார்கள். பாடத்திட்டம் முடிக்க வேண்டும், பாடசாலை மட்டக் கணிப்பீடு, பதிவேடு, கூட்டம். எனக்கும் அதே பதிவேடுகள்தான். தவணைக்கு ஐந்து கட்டுரை எழுதுவிக்கிறோம். இரண்டாகக் குறைத்து, அந்த இரண்டையும் இரண்டு தடவை எழுதுவிக்கலாம் என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் சொல்லுங்கள், உண்மையிலேயே கேட்கிறேன்.

இனி ஓகஸ்ட் போயா. 5.35 இருக்கும். 18இல் எடுத்தால் நிலவு அரிசி மணி மாதிரித்தான் விழும் என்று தெரிந்ததால் லென்ஸை 55க்குக் கொண்டுபோனேன். ஐ.எஸ்.ஓ. 1600, ஒரு செக்கன். வானம் இன்னும் வெளுக்கவில்லை, கடும் நீலம். நிலவு மேற்கே மரங்களுக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது, தண்ணியில் அதன் கோடு. காக்காவின் தோணி கண்டலுக்குப் பின்னாலிருந்து வந்தது, நெற்றியில் டோர்ச். ஓடும் தோணி ஒரு செக்கனில் கலங்கிவிடும், அதனால் பொறுத்தேன். நான் கூப்பிடவில்லை. அவராகவே கம்பை ஊன்றி நிறுத்தி, குனிந்து வலையைப் பார்த்தார். அப்போது அமத்தினேன். ஏழு படம். ஆறில் அவர் அசைந்திருக்கிறார். ஏழாவதுதான் நீங்கள் பார்ப்பது.

பிரதி ஒன்று அடித்துக் காக்காவிடம் கொடுத்தேன். கனநேரம் பார்த்தார். "இது நான்தான்" என்றார். பிறகு, "வலையில அண்டைக்கு ஒண்டுமில்ல சேர், அதான் குனிஞ்சி பாத்த" என்றார்.

தம்பிக்கும் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில்: "இப்ப படம் இரிக்கி சேர். ஆனா நிலவு வெள்ளத் துண்டு. அதுக்குள்ள ஒண்டும் தெரியல்ல."

சரிதான். நிலவு வெயில் படுகிற கல், அதற்குத் தேவையான வெளிச்சம் வேறு, இருட்டு வாவிக்குத் தேவையானது வேறு. ஒரு செக்கன் திறந்து வைத்தால் நிலவு வெந்துவிடும். அன்றைக்கே பத்து நிமிடம் பொறுத்து இன்னொன்று எடுத்தேன், நிலவு மரத்தைத் தொடும் நேரம், மங்கி, உள்ளே இருக்கும் கறைகளும் தெரிய. ஆனால் அதற்குள் காக்கா கரைக்கு வந்துவிட்டார், இரவும் போய்விட்டது. நிலவுக்கு ஒன்று, தண்ணிக்கு ஒன்று என்று இரண்டு எடுத்துக் கணினியில் ஒட்டலாம் என்று தம்பி சொல்கிறார். பலரும் அப்படிச் செய்கிறார்கள், அதில் பிழையில்லை. எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. ஒரே கணத்தில் நடந்ததாக இருக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். மெல்லிய மேகம் ஒன்று நிலவுக்கு முன்னால் வந்தால் இரண்டும் சரிவரும் என்று நினைக்கிறேன்.

செப்டெம்பர் போயாவுக்கும் போவேன், இன்ஷா அல்லாஹ். மழைக்காலம் தொடங்க முன் இன்னும் ஒன்றிரண்டு போயாதான் வானம் தரும். படத்தில் வேறு என்ன சரியில்லை என்று கண்டவர்கள் இன்பொக்ஸில் எழுதுங்கள். வலப்பக்கக் கீழ்மூலையில் ஏதோ ஒன்று எனக்கே உறுத்துகிறது, என்னவென்று பிடிபடவில்லை.

அரிசி இடிக்கும் கட்டுரை எழுதிய அந்தப் பிள்ளைக்கு இப்போது திருமணமாகி, பக்கத்து ஊரில் இருப்பதாக அறிந்தேன். அவளுடைய தம்பி என் வகுப்பில்தான் இருக்கிறான். பழைய கொப்பி வீட்டில் கிடக்குமா என்று அவனிடம் கேட்டிருக்கிறேன். தேடிப் பார்ப்பதாகச் சொன்னான்.